கடல் கடந்து வரும் மாணவர் தொண்டும் நம் கடற்கரை ஊர்களும்

(ஊராட்சி ஒன்றிய அளவில் கூடிய பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



வழக்கமாக நாம் இக்கூட்டங்களில் பேசுவது ஏரி மராமத்து, குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றி. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றிலிருந்து சற்று விலகியதாகத் தோன்றலாம். ஆயினும் கடற்கரைப் பக்கத்துப் பஞ்சாயத்துகளிலிருந்து வரும் அங்கத்தினர்கள் அண்மையில் என்னிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியே இப்பேச்சுக்குக் காரணம். "வெளிநாட்டுக் கல்லூரியிலிருந்து மாணவர் இருபது பேர் எங்கள் ஊரில் தொண்டு செய்ய வருகிறார்களாம்; இடம் கொடுக்கலாமா?" என்பதே அக்கேள்வி.

கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலும், அதற்கும் தெற்கே பாலாறு கடலிற் கலக்கும் இடம் வரையிலும் உள்ள நம் கரைக்கு அயல்நாட்டார் புதியவர் அல்லர். கல்வி தேடிக் கடலும் மலையும் கடந்து வருவதும் நமக்குப் புதிதன்று. சீன நாட்டு மாணவத் துறவியான யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டிலேயே காஞ்சி மாநகருக்கு வந்து சென்றிருக்கிறார். இந்நாளில் வரும் மாணவர்களிற் பெரும்பாலோர் கடற்கரைக் கோயிலையும் குடைவரைகளையும் கண்டு, இளநீர் அருந்தித் திரும்பிவிடுவர். ஒரு சிலர் மட்டும் சில வாரங்களோ சில மாதங்களோ இங்கேயே தங்கி, ஊதியம் பெறாமல் ஏதேனும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்ய விரும்புகின்றனர். நான் பேசப்போவது இவர்களைப் பற்றியே.

இவர்களைப் பற்றி நம் ஊர்களில் இருவிதமான கருத்து நிலவுகிறது. வெளிநாட்டார் வந்தாலே ஊருக்குப் பணமும் பெருமையும் வந்துவிடும் என்று நம்பி, மேளதாளத்தோடு வரவேற்பவர் ஒரு சாரார். "நம் பிள்ளைகளே வேலையின்றி இருக்கும்போது, மண்வெட்டி பிடித்தறியாத இப்பிள்ளைகள் வந்து என்ன செய்யப்போகிறார்கள்?" என்று முகஞ்சுளிப்பவர் மற்றொரு சாரார். இரண்டாம் சாராரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வேலையை யார் வகுப்பது, யார் யாருக்குக் கற்பிப்பது என்ற கேள்வியை இரு சாராருமே கேட்பதில்லை. அதற்குரிய விடையைப் பொறுத்தே இத்தொண்டின் பயன் அமைகிறது என்பது என் கருத்து. நம் வட்டாரத்திலேயே, திருப்போரூரை அடுத்த வடநெம்மேலியில், அதற்கு நல்லதோர் உதாரணம் இருக்கிறது. அதற்கு வருமுன், இவ்வழக்கம் தோன்றிய வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன்.

முதல் உலகப் போர் முடிந்த பின்னர், சுவிட்சர்லாந்து நாட்டினரான பியர் செரசோல் என்பவர் 1920-இல் பிரான்சு நாட்டில், வெர்டன் போர்க்களத்துக்கு அருகே அழிந்து கிடந்த ஒரு கிராமத்தை மீண்டும் கட்டுவதற்காகப் பல நாட்டு இளைஞர்களைச் சேர்த்துச் சென்றார். போரிட்ட நாட்டார் ஒன்றாக நின்று கல் சுமக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1934 ஜனவரியில் பீகார் மாகாணம் பெரும் நிலநடுக்கத்தால் சிதைந்தபோது, அவரே ஒரு சிறு குழுவுடன் இந்தியாவுக்கு வந்து, பாபு ராஜேந்திர பிரசாத் முதலியோர் நடத்திவந்த நிவாரணப் பணியில் சேர்ந்து கிராமங்களை அமைப்பதில் ஈடுபட்டார். இந்நாட்டவர் தொடங்கிய வேலையில், இந்நாட்டவரின் தலைமையில், அவர் ஒரு தொழிலாளியாக வந்து சேர்ந்தார் என்பதே நாம் நினைவில் வைக்கத்தக்கது.

1958-இல் இங்கிலாந்தில் அலெக் டிக்சன் தொடங்கிய இயக்கம், பள்ளிப்படிப்பை முடித்த 18 வயதுப் பிள்ளைகளை வெளிநாடுகளுக்கு ஓராண்டுத் தொண்டுக்கு அனுப்பியது. பிற்காலத்தில் அவ்வியக்கம் பள்ளிப் பிள்ளைகளை அனுப்புவதை விடுத்து, ஒரு தொழிலில் தேர்ந்தவர்களையே அனுப்பலாயிற்று. அமெரிக்காவின் அமைதிப் படையினர் 1961-ஆம் ஆண்டின் இறுதியில் முதன்முதலாக இந்தியாவுக்கு வந்தனர். 1976 வரை இந்நாட்டின் பல பகுதிகளில் வேலை செய்தனர். கோழி வளர்ப்பு அவர்களுடைய முக்கியமான வேலைகளுள் ஒன்று. அக்காலத்துச் சமூக அபிவிருத்தித் திட்டத்தில் பணியாற்றிய மூத்தோர் சிலருக்கு அவர்களை நினைவிருக்கலாம். கோழிப்பண்ணைகளில் எத்தனை நிலைத்தன என்பது ஒருபுறம் இருக்க, வந்தவர்களிற் சிலர் தம் நாட்டுக்குத் திரும்பி, இந்திய வரலாற்றையும் இந்திய மொழிகளையும் கற்பிக்கும் பேராசிரியர்களானார்கள். கொடுக்க வந்தவர் கொண்டு சென்றதே மிகுதி என்று அவர்களே சொல்வதுண்டு.

இனி வடநெம்மேலிக்கு வருவோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தெற்கே உள்ள முதலைப் பண்ணையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பள்ளிப் பிள்ளைகளை உல்லாசப் பயணமாக அழைத்துச் செல்லும் இடம் என்ற அளவிலேயே பலரும் அதனை அறிவர். 1976-இல் ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய துணைவியார் சாய் விட்டேக்கரும் அதனைத் தொடங்கினார்கள். சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, வடநாட்டு ஆறுகளில் வாழும் நீள்மூக்கு முதலை ஆகிய மூவகையும் தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிவந்த காலம் அது. அவற்றை வளர்த்துப் பெருக்குவதே பண்ணையின் நோக்கம்.

விட்டேக்கர் அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்தவர், கொடைக்கானலில் பள்ளிப்படிப்பு. இளைஞராயிருந்தபோது அமெரிக்காவுக்குச் சென்று, புளோரிடா மாநிலத்து மயாமியில் பில் ஹாஸ்ட் என்பவர் நடத்திவந்த பாம்புப் பண்ணையில் வேலை செய்தார். பாம்பின் நஞ்சை எடுக்கும் முறையை அவர் அங்கேதான் கற்றார். கற்ற வித்தையோடு 1967-இல் இந்தியாவுக்குத் திரும்பியவர், நம் செங்கற்பட்டுப் பகுதி இருளர்களைச் சந்தித்த பின்னர் மீண்டும் மாணவராயினார் என்றே சொல்ல வேண்டும். ஏனெனில், பாம்பு இருக்கும் இடத்தை அறியும் கலையில் இருளருக்கு நிகரானவர் இல்லை. வரப்பின் ஓரத்தில் உள்ள எலிவளையைப் பார்த்த அளவிலேயே, அதனுள் பாம்பு இருக்கிறதா, எந்த வகைப் பாம்பு, எவ்வளவு நேரத்துக்கு முன் நுழைந்தது என்பதை மண்ணில் பதிந்த தடத்தைக் கொண்டும், உரித்த சட்டையின் துணுக்கைக் கொண்டும் அவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆடவர் மட்டுமன்றிப் பெண்டிரும் இக்கலையில் வல்லவர்.

அந்நாளில் இருளர் பலருக்குப் பாம்புத் தோல் வியாபாரமே வாழ்வாதாரமாக இருந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, தொடர்ந்து தோல் ஏற்றுமதியும் தடுக்கப்பட்டபோது அவர்கள் பிழைப்பு முடங்கியது. அறிவு இருந்தது, அதனை விற்கும் வழி அடைபட்டுவிட்டது. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் பிறந்ததற்கு இதுவே காரணம். உறுப்பினர்கள் அரசின் அனுமதி பெற்று நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நால்வகைப் பாம்புகளையும் உயிரோடு பிடித்து வந்து கொடுப்பர். ஒவ்வொரு பாம்பையும் ஏறத்தாழ மூன்று, நான்கு வாரங்கள் மண்பானையில் வைத்திருந்து, வாரம் ஒருமுறை நஞ்சு எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் ஓர் அடையாளமிட்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுவர். அடையாளம் இடுவது அதே பாம்பை உடனே மறுபடி பிடிக்காமல் இருப்பதற்காக. எடுத்த நஞ்சை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி, மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு விற்பர். அவர்கள் அதனைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் குருதியில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து விஷமுறிவு மருந்தாக்குகின்றனர்.

விவசாய நண்பர்களே, இது நமக்கு எட்டாத செய்தியன்று. 2000 முதல் 2019 வரையுள்ள இருபதாண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சராசரியாக ஆண்டொன்றுக்கு 58,000 பேர். அவர்களிற் பெரும்பாலோர் கிராமத்தார். இரவில் நீர் பாய்ச்சப் போனவர், அறுவடைக்குக் கதிரைப் பற்றியவர், திண்ணையிலும் தரையிலும் படுத்து உறங்கியவர். அவர்களைப் போன்றோரைக் காக்கும் மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக வடநெம்மேலியிலிருந்தே சென்றிருக்கிறது.

இத்தகைய இடத்துக்கு ஒரு வெளிநாட்டு மாணவர் தொண்டராக வந்தால் என்ன நடக்கும்? இரண்டாண்டு விலங்கியல் படித்த பெருமையோடு வந்திருப்பார். முதல் வாரத்தில் அவருக்குக் கிடைப்பது துடைப்பமும் வாளியும். தொட்டி கழுவ வேண்டும்; முதலைக்கு இறைச்சி நறுக்க வேண்டும்; பார்வையாளர் வேலிக்குள் கையை நீட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். எழுதப்படிக்க அதிகம் அறியாத ஒரு முதிய இருளர், ஐந்து நிமிஷ நேரத்தில் வெறுங்கையாலும் ஒரு சிறு கடப்பாரையாலும் வளையைத் தோண்டிக் கண்ணாடிவிரியனை எடுத்துக்காட்டும்போது, அம்மாணவர் நூலகத்தில் கற்றவை யாவும் ஓர் ஒழுங்குக்கு வருகின்றன. அறிவு பட்டத்தோடு மட்டும் வருவதன்று என்பதை அவர் புத்தகத்தில் படித்திருக்கலாம். இங்கே கண்ணாற் காண்கிறார். தம் நாட்டுக்குத் திரும்பிய பின் அவர் கால்நடை மருத்துவராகலாம், ஆராய்ச்சியாளராகலாம், இரண்டுமின்றி வியாபாரியாகலாம். எதுவானாலும் ஏழை நாட்டார் எல்லோரும் தம் உதவிக்குக் காத்திருப்பவர் என்ற எண்ணம் அவரிடம் எஞ்சியிருக்காது.

நிறுவனத்துக்கு என்ன பயன் என்றால், அது துடைப்பம் பிடிக்கக் கிடைத்த ஓர் ஆள் மாத்திரமன்று. விலங்கு வளர்ப்பில் பெருஞ்செலவில்லாத, ஆனால் மிகுந்த பொறுமை வேண்டும் வேலைகள் பல உண்டு. முதலை முட்டை விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டைக்குள் இருக்கும் குஞ்சு ஆணாகுமா பெண்ணாகுமா என்பதை அது கிடக்கும் மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி லாங் என்பவர், முதலைப் பண்ணையினரோடு சேர்ந்து சதுப்புநில முதலையின் முட்டைகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் பொரிக்கவைத்து ஆராய்ந்து, 1989-இல் முடிவை வெளியிட்டார். 32.5 டிகிரிக்கு அருகில் ஆண் குஞ்சுகள் மிகுதி. அதனினும் குளிர்ந்த நிலையில் பெண் குஞ்சுகளே. இது தெரியாமல் எல்லா முட்டைகளையும் ஒரே சூட்டில் வைத்துப் பொரித்தால், விடுவதற்கு ஒரே பாலினக் குஞ்சுகளே மிஞ்சும். இனம் எங்ஙனம் பெருகும்? இத்தகைய உண்மைகளைக் காண்பதற்கு அடிப்படை, கூட்டுக்குக் கூடு வெப்பமானியைச் செருகி நாள் தவறாமல் பார்த்து எழுதிவைப்பதுதான். நிறுவனத்தின் நிலையான ஊழியர்கள் அன்றாட வேலைகளில் மூழ்கியிருக்கும்போது இப்படிப்பட்ட பதிவேடுகளை எழுத, மூன்று மாதம் தங்கும் கருத்துள்ள மாணவர் ஒருவர் மிகவும் பயன்படுவார். ஒரு வாரம் தங்குபவர் பயன்படமாட்டார். அவருக்கு வேலை சொல்லித்தருவதிலேயே அந்த ஒரு வாரமும் கழிந்துவிடும்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். மயாமியிலிருந்து வித்தை வடநெம்மேலிக்கு வந்ததைச் சொன்னேன். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அது திரும்பிச் சென்ற கதை பலருக்கும் தெரியாது. புளோரிடாவின் சதுப்பு நிலங்களில், வீட்டில் வளர்ப்பதற்காகக் கொண்டுவந்து விடப்பட்ட பர்மா மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள முயல், மான் முதலியவற்றை விழுங்கி வந்தன. 2016-இல் அவற்றைப் பிடிக்க அரசு ஒரு போட்டியே நடத்தியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரு மாதம் தேடி 106 பாம்புகளைப் பிடித்தனர். 2017 ஜனவரியில் புளோரிடா பல்கலைக்கழகத்தார், நம் மாவட்டத்தைச் சேர்ந்த இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரையும் அங்கே வரவழைத்தார்கள். மொழிபெயர்ப்பாளர்களும் உடன் சென்றனர். முதல் இரண்டு வாரத்துக்குள்ளாகவே அவர்கள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். பட்டதாரிகள் பின்தொடர, நம் ஊர்க்காரர் முன்னே நடந்து தடம் பார்த்தார்கள். 2023-இல் இவ்விருவருக்கும் பாரத அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. நாம் கையேந்தி நிற்கும் ஊர் என்று யாரேனும் நினைத்தால், இச்செய்தியை அவருக்குச் சொல்லலாம்.

மாணவர் தொண்டு ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே மற்றொரு சான்று உண்டு. தை மாதம் தொடங்கிப் பங்குனி வரையில் நம் மணலில் முட்டையிட வரும் ஆமையை மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கின்றனர். முட்டைகளை நாயும் நரியும் தோண்டித் தின்பதும், மனிதர் எடுத்து விற்பதும் மிகுந்திருந்த 1970-களில், இளைஞர் சிலர் இரவு நேரத்தில் கரையோரம் நடந்து அவற்றை எடுத்து, வேலியிட்ட மணலில் புதைத்துப் பொரிக்கவைத்துக் கடலில் விடத் தொடங்கினர். அவர்களோடு சேர்ந்தவர் சதீஷ் பாஸ்கர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்றுகொண்டிருந்த மாணவர். பொறியியல் ஒருபுறம் நின்றது. ஆமையே அவர் வாழ்க்கையாயிற்று. இந்தியக் கடற்கரையையும் அந்தமான், இலட்சத்தீவுகளையும் நடந்தே அளந்து, எங்கெங்கே எவ்வகை ஆமை முட்டையிடுகிறது என்பதை முதன்முதலாக முறையாக எழுதியவர் அவரே. 1982-இல் இலட்சத்தீவில் ஆளில்லாத சுகேலி தீவில் மழைக்காலம் முழுவதும் தனியே தங்கியிருந்தார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட, அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அந்த நல்ல மனிதர் அதனை அஞ்சலில் சேர்த்துவிட்டார்! 1984-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் இந்தோனேசியாவின் நியூகினித் தீவுப் பகுதிக்குச் சென்று, தோல்முதுகுப் பேராமைகளுக்கு அடையாளத் தகடு பொருத்தி ஆராய்ந்தார். தொண்டு செய்யக் கடல் கடந்து செல்வது வெள்ளைக்கார மாணவர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்காகவே இதனை விரித்துக் கூறினேன்.

1988-இல் சென்னை மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்புக்கென ஓர் அமைப்பையே ஏற்படுத்தி, அன்றிலிருந்து ஆண்டுதோறும் இரவு நடையை நடத்தி வருகின்றனர். நீலாங்கரையில் 2002-இல் தோன்றிய ட்ரீ அறக்கட்டளை, மீனவ இளைஞர்களுக்கே பயிற்சி தந்து ஆமைக்காவல் வேலையில் அமர்த்தியது. வெளியூராரும் வெளிநாட்டாரும் இவ்வேலையில் சேரும்போது, முன்னே நடப்பவர் கடலை அறிந்த மீனவ இளைஞராகவே இருப்பது நல்லது. 2025 ஜனவரியில் நம் கரையிலும் சென்னைக் கரையிலும் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியதை நீங்கள் கண்ணாற் கண்டீர்கள். இழுவலையில் சிக்கும் ஆமை, மூச்சுவாங்க மேலே வர இயலாமல் மூழ்கிச் சாகிறது. எந்த நாளில், எந்த ஊர்க் கரையில், எத்தனை ஒதுங்கின என்று எழுதிய கணக்கு இல்லாவிட்டால் அதிகாரிகளிடம் எதைக் காட்டி வழக்காடுவது? நடந்து எண்ணும் கால்கள் எவ்வளவு இருந்தாலும் தகும்.

இவ்வளவும் நல்ல பக்கம். மறுபக்கத்தையும் மறைக்காமல் கூறவேண்டியது என் கடமை.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து நம் மீனவக் குப்பங்களை அழித்தபின், உலகின் பல திசைகளிலிருந்தும் தொண்டர் வந்தனர். அவர்களுடைய அன்பை நாம் மறக்கவில்லை. ஆயினும் இங்கிருந்து நாகப்பட்டினம் வரையிலும் சாலையோரங்களில் பழைய துணிகள் மலைமலையாகக் கிடந்ததையும் மறக்கவில்லை. நம் பெண்டிர் உடுத்தாத உடைகள்! என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கொடுக்க விரும்பியதைக் கொடுத்தார்கள். மாணவர் தொண்டும் பல இடங்களில் இப்படியே நிகழ்கிறது. ஓர் ஊரில் பள்ளிச் சுவருக்கு முந்திய ஆண்டுதான் வண்ணம் பூசியிருந்தார்கள். பத்து நாள் தங்க வந்த மாணவர் குழுவுக்கு வேறு வேலை தோன்றாமையால் அதே சுவருக்கு மீண்டும் வண்ணம் பூசி, படம் எடுத்துக்கொண்டு சென்றனர். அவ்வூரில் வண்ணம் பூசிப் பிழைக்கும் குடும்பங்கள் நான்கு இருந்தன. அந்தப் பத்து நாள் கூலி அவர்களுக்குப் போகவில்லை. பின்னால் இருந்த கழிவறைக்குத் தண்ணீரும் வரவில்லை.

குழந்தைகள் இல்லங்களைப் பற்றி இன்னும் கண்டிப்பாகவே சொல்வேன். தாய் தந்தையரைப் பிரிந்த குழந்தைகளிடையே, இரண்டு வாரம் கொஞ்சிவிட்டுப் போவதற்காக அறியாத இளைஞர்களை விடுவது தொண்டாகாது. ஒட்டிக்கொள்வதும் பிரிவதும் அக்குழந்தைகளுக்கு மறுபடி மறுபடி நேர்கிற காயம். அதனினும் கொடிய தீங்குகள் நேரவும் வழியுண்டு. சுற்றுலாப் பயணிகளிடம் பணம் பெறுவதற்காகவே குழந்தைகளைச் சேர்த்து வைக்கும் இல்லங்கள் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பதிவு பெறாத இல்லம் உங்கள் எல்லைக்குள் இயங்கினால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தெரிவிப்பது பஞ்சாயத்தின் பொறுப்பு. அங்கே வெளிநாட்டார் நன்கொடை தருகிறார்களே என்று கண்ணை மூடிக்கொள்ளலாகாது.

பணத்தைப் பற்றியும் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மாணவர் பலர் இடைத்தரகு நிறுவனங்களுக்குப் பெருந்தொகை செலுத்திவிட்டே வருகின்றனர். ஊர் அதில் ஒரு காசும் காண்பதில்லை. தங்குமிடத்துக்கு, சமையலுக்கு, கற்றுத்தருபவருக்கு என்ன தரப்போகிறீர்கள் என்று தெளிவாகக் கேளுங்கள். பாம்பு பிடிக்கக் கற்பிக்கும் இருளரும், வலை முடையக் கற்பிக்கும் மீனவரும் ஆசிரியர்களே. ஆசிரியருக்கு ஊதியம் தருவது உலக வழக்கம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடையை எவரும் எப்படியும் வாங்கிவிட முடியாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற நிறுவனம் மட்டுமே, அதுவும் புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கெனத் தொடங்கிய கணக்கின் வழியாகவே பெறலாம். அங்கத்தினர் எவரும் தம் சொந்தக் கணக்கில் வாங்கி ஊருக்குச் செலவிடலாம் என்று நல்லெண்ணத்தோடு கூட எண்ண வேண்டாம்.

அனுமதிச் சீட்டு விஷயத்தில், ஒரு மாதத்துக்கு மிகாத, ஊதியமற்ற தொண்டுக்குச் சுற்றுலா விசா இடந்தருகிறது. அதற்கு மேல் தங்கித் தொண்டு செய்ய விரும்புவோர் அதற்குரிய வேறு விசா பெற்றே வரவேண்டும். எந்த வீட்டில், எந்த விடுதியில் தங்கினாலும், தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அயல்நாட்டவர் பதிவு அலுவலருக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்த ஒன்றைச் செய்யாமையாலும் வழக்குகள் வருவதுண்டு.

இனி முதலிற் கேட்ட கேள்விக்கு விடை சொல்கிறேன். இடம் கொடுக்கலாம், ஆனால் அவர்கள் வேலையைத் தீர்மானித்துக்கொண்டு வருவதற்கு முன்னரே, கிராம சபையில் நீங்கள் அதனைத் தீர்மானித்திருக்க வேண்டும். ஏரிக்கரையில் எத்தனை பனை நிற்கிறது என்று எண்ணுவது, கிணறுகளில் உப்பு ஏறியிருப்பதைக் கோடையில் வாரந்தோறும் அளந்து எழுதுவது, மகளிர் குழுவின் பொருள்களுக்கு ஆங்கிலத்தில் விலைப்பட்டியல் எழுதித்தருவது, பள்ளிப் பிள்ளைகளோடு ஆங்கிலம் பேசிப் பழகுவது, இவற்றுக்குப் பிறர் கூலி பறிபோவதில்லை. நம் பிள்ளைகளையும் உடன் சேர்க்க வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் உள்ள கல்லூரி மாணவர் ஒருவரும் வெளிநாட்டு மாணவர் ஒருவரும் இணையாக நிற்கட்டும். 1969-இல் தொடங்கிய அத்திட்டத்தில் நம் பிள்ளைகள் இரண்டாண்டில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டியிருக்கிறது. அந்நேரம் இப்படிக் கழிந்தால் அவர்களுக்கும் வெளியுலகம் தெரியவரும். வெளிநாட்டு மாணவர் போன பின்னும் பதிவேட்டை எழுத ஆள் இருக்கும்.

"அவர்கள் எதையும் கட்டித்தர வேண்டாமா?" என்று ஒரு தலைவர் என்னிடம் கேட்டார். கட்டடம் கட்டத் தெரிந்த கொத்தனார் நம் ஊரிலேயே இருக்கிறார். செங்கல்லை எப்படி அடுக்குவது என்று ஒரு பட்டப்படிப்பு மாணவருக்கு அவர் சொல்லித்தந்து, சுவர் கோணலாகி, இரவோடிரவாக அதைப் பிரித்துக் கட்டியதாக வேறு நாடுகளில் சொல்லக் கேள்வி. நமக்கு அந்தச் சிரமம் எதற்கு?

விண்ணப்பம் எதுவும் வந்தால், வருபவர் எத்தனை பேர், எத்தனை நாள், எந்த நிறுவனத்தின் பெயரால் வருகின்றனர், அந்நிறுவனத்தின் பதிவு எண் என்ன, தமிழ் தெரிந்தவர் உடன் வருகிறாரா, நோயோ விபத்தோ நேர்ந்தால் செலவு யாருடையது என்பவற்றை எழுத்து மூலம் வாங்கி, ஒரு பிரதியை ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள். ஆமைப் பருவத்துக்கு வருவோர் குறித்த விண்ணப்பங்கள் மார்கழி பிறக்குமுன் வந்துசேர்ந்தால், வனத்துறையினரோடும் மீனவர் சங்கங்களோடும் பேசி ஊர்வாரியாகப் பிரித்துக்கொடுக்க வசதியாயிருக்கும். உங்கள் ஊரில் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலை அடுத்த கிராம சபையில் எழுதிக் கையொப்பமிட்டு வைத்திருங்கள். பாம்புக்கடிக்கு மருந்து இருப்பில் உள்ள ஆஸ்பத்திரிகள் எவை என்ற விவரம் இங்கே வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதனையும் எழுதிக்கொண்டு போய் உங்கள் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.